பச்சைப் பகைவன்: கடல் தொட்டிப் பாசியின் 170 வருடக் கதை

வீட்டில் கடல் அக்வேரியம் வைத்தவர்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி ஒரு சோகக் கதை இருக்கும். மாதக்கணக்கில் காசு சேர்த்துத் தொட்டி வாங்குவார்கள். உப்பு கலந்து, விளக்கு மாட்டி, பாறை அடுக்கி, மீனும் பவளமும் விடுவார்கள். முதல் மாதம் தொட்டி சினிமா செட் மாதிரி ஜொலிக்கும். இரண்டாம் மாதம் மணல் மேல் பழுப்பாக ஒரு தூசி படியும். மூன்றாம் மாதம் பாறைகளுக்குப் பச்சை முடி முளைக்கும்! பிடுங்கிப் போட்டால் பத்து நாளில் மறுபடி வந்து நிற்கும். கடைசியில் பவளத்தையே மூடிவிடும். வெறுத்துப்போய்த் தொட்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ஒதுங்கியவர்கள் உலகம் முழுக்க உண்டு.

இது ஏதோ இந்தக் காலத்துத் தலைவலி என்று நினைத்துவிட வேண்டாம். மனிதன் கடல்நீரைக் கண்ணாடிக்குள் அடைத்த நாளிலிருந்தே இந்தச் சண்டை நடக்கிறது. 170 வருடங்களுக்கும் மேலாக வேதியியலாளர்கள், பாதிரியாரின் மனைவி, கடைக்காரர், அருங்காட்சியக விஞ்ஞானி என்று பலரும் இதில் தலையைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பாசியைக் கொல்ல அலைந்தவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். தொட்டியின் வரவு-செலவைப் பார்த்தவர்கள் தப்பித்தார்கள்.

முதலில் கணக்கு

பாசி வளர மூன்று முக்கியமான பொருட்கள் வேண்டும்: வெளிச்சம், நைட்ரஜன், பாஸ்பரஸ். வெளிச்சம் விளக்கிலிருந்து வருகிறது. மற்ற இரண்டும் மீனுக்குப் போடும் தீனியில் வருகின்றன. மீன் தின்று கழிக்கிறது. கழிவிலிருந்து அம்மோனியா, அதிலிருந்து நைட்ரைட், அதிலிருந்து நைட்ரேட் என்று பாக்டீரியாக்கள் மாற்றிக்கொண்டே போகும். பாஸ்பேட்டும் கூடவே சேரும். தொட்டி நீர் ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது. இவை உள்ளேயே தங்கிவிடுகின்றன.

வணிகவியல் பாஷையில் சொன்னால், தினமும் சரக்கு உள்ளே வருகிறது, விற்பனையே இல்லை. கிடங்கில் இருப்பு ஏறிக்கொண்டே போகும். நைட்ரஜனுக்காவது ஒரு பின்வாசல் உண்டு. பாறையின் உள்ளே ஆக்சிஜன் இல்லாத இடுக்குகளில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். பாஸ்பரசுக்கு அந்தப் பின்வாசலும் கிடையாது. யாராவது கையால் எடுத்து வெளியே போட்டால்தான் உண்டு.

பவளப்பாறைக் கடலின் நிலைமையோ நேர் எதிர். அங்கே தண்ணீர் ஸ்படிகம் போல் தெளிவாக இருப்பதற்குக் காரணமே அதில் சத்து மிகக் குறைவாக இருப்பதுதான். பாஸ்பேட் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 0.01 மில்லிகிராம் என்ற அளவில்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஏழைக் கடலின் பிராணிகளைப் பணக்காரத் தொட்டியில் வைத்தால் என்ன ஆகும்? பாசிக்குக் கொண்டாட்டம்!

விருந்தாளியாக வந்த பாசி

1845-ல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. கண்ணாடி விலை இறங்கியது. அக்வேரியம் என்ற பொழுதுபோக்கு பிறக்க இதுவும் ஒரு காரணம்.

அடுத்த வருடமே, 1846-ல், அன்னா தின் என்ற லண்டன் பெண்மணி (கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துப் பாதிரியார்) டார்க்கே என்ற கடற்கரை ஊரிலிருந்து சில பவள உயிரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இவை குளிர்ந்த கடலில் வாழும் தனிப் பவளங்கள். லண்டனில் கடலுக்கு எங்கே போவது? அவர் வீட்டுப் பணிப்பெண் தினமும் ஜன்னல் பக்கம் நின்று கடல்நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றிக் காற்றுக் கலந்தார். இந்த வேலையைக் குறைக்கத்தான் அன்னா 1847-ல் தொட்டிக்குள் கடற்பாசியைப் போட்டார். பாசி ஆக்சிஜன் கொடுத்தது, பவளங்கள் பிழைத்தன. ஆக, கடல் தொட்டிக்குள் பாசி முதலில் வந்தது பகைவனாக அல்ல, வேலையாளாக!

அதே காலத்தில் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இன்னொரு சோதனை செய்துகொண்டிருந்தார். 1849-ல் ஒரு கண்ணாடித் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுக்கும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுக்கும். ஆகவே தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்பது அவர் எண்ணம். கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் அழுகிய இலைகளும், கண்ணாடியில் படர்ந்த பச்சைப் பாசியும் சேர்ந்து தண்ணீரைக் கலங்கடித்துவிட்டன.

வாரிங்டன் மருந்து தேடவில்லை. குளத்து நத்தைகள் ஐந்தாறைப் பிடித்து உள்ளே விட்டார். அழுகலையும் பாசியையும் நத்தைகள் தின்றன. தண்ணீர் தெளிந்தது. 1850-ல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் இதைக் கட்டுரையாக வாசித்தார். இன்றைக்கு அக்வேரியக் கடைகளில் 'க்ளீனப் க்ரூ' என்று நத்தைகளைக் கூட்டமாக விற்கிறார்களே, அந்த யோசனைக்கு வயது 170-க்கு மேல்!

பிறகு பிலிப் ஹென்றி காஸ் வந்தார். லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1853-ல் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதில் அவருக்கும் பங்கு உண்டு. 1854-ல் வந்த அவருடைய 'தி அக்வேரியம்' என்ற புத்தகம் இங்கிலாந்தையே கடற்கரைக்கு ஓட வைத்தது. வரவேற்பறை ஜன்னல் தோறும் கடல் தொட்டிகள். வெயில் நேராக விழும் ஜன்னல் ஓரத்தில் தொட்டி வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் பச்சை ரசமானது. 1860-களின் முடிவில் அந்த மோகம் வடிந்துவிட்டது.

இருட்டு வைத்தியம்

தொட்டியை வியாபாரமாக நடத்தியவர்களால் அப்படி எளிதில் விலக முடியுமா? லண்டனில் அக்வேரியக் கடை வைத்திருந்த வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் பாசியின் ஆசாரியான வெளிச்சத்தின் மேலேயே கை வைத்தார். எட்வர்ட் எட்வர்ட்ஸ் என்பவர் வடிவமைத்திருந்த தொட்டியில் சாய்வான பின்பலகைக்குக் கீழே ஓர் இருட்டு அறை இருந்தது. மேலே இருக்கும் தண்ணீருக்கு வெளிச்சம், கீழே இருக்கும் தண்ணீருக்கு இருட்டு. இரண்டும் கலந்துகொண்டே இருந்ததால் பாசி அளவோடு நின்றது.

லாயிட் இதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனார். 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவர் பொறுப்பில் திறக்கப்பட்ட அக்வேரியத்தில், காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டு நீர்த்தேக்கம் ஒன்று அடியில் இருந்தது. நீராவி இயந்திரம் ஓயாமல் தண்ணீரைச் சுழற்றியது. இன்று தொட்டிக்குக் கீழே 'சம்ப்' வைத்து மோட்டாரால் நீரைச் சுழற்றுகிறார்களே, அதற்கு இதுதான் தாத்தா.

ஆனால் இந்த வைத்தியம் வெப்பக்கடல் பவளத்துக்குச் செல்லாது. ஏன்? பாறை கட்டும் பவளத்தின் சதைக்குள்ளேயே நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன! 1881-ல் ஜெர்மானியரான கார்ல் பிராண்ட் இவற்றுக்கு 'சூசாந்தெல்லா' என்று பெயரிட்டார். வெளிச்சத்தில் இவை சமைக்கும் உணவில் பெரும்பகுதியைப் பவளம் சாப்பிடுகிறது. வெளிச்சத்தை நிறுத்தினால் வெளியே இருக்கும் பாசியோடு உள்ளே இருக்கும் பாசியும் சாகும், பவளமும் சாகும். வெளிச்சத்தைக் கூட்டினால் இரண்டும் வளரும். எதிரியும் கூட்டாளியும் ஒரே விளக்கின் கீழ்! பவளத் தொட்டியின் மொத்தச் சிக்கலும் இந்த ஒரு வரியில் அடக்கம்.

ஜகார்த்தாவிலிருந்து பெர்லினுக்கு

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் இருந்த கடல் தொட்டிகளில் உயிருள்ள பவளம் அபூர்வம். அடியில் சரளைக்கல் வடிகட்டி, மேலே இறந்த பவளத்தின் வெள்ளை எலும்புக்கூடு, நடுவில் இரண்டு மீன். பாசி படிந்தால் எலும்புக்கூட்டை வெளியே எடுத்து ப்ளீச்சில் ஊறவைத்துக் கழுவி மறுபடி வைப்பார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி பச்சை. மறுபடி ப்ளீச். வீட்டுக்கு வெள்ளையடிப்பது போலத் தொட்டிக்கும் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

1961-ல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்க மீன் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். அதில் ப்ளீச்சும் கிடையாது, வடிகட்டியும் கிடையாது. கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறை, நல்ல கடல்நீர், காற்றுக் குமிழிகள், வெயில். அவ்வளவுதான். அவர் தொட்டிகளில் பவளங்கள் உயிரோடு வாழ்ந்தன. 'லைவ் ராக்' என்று பின்னால் உலகமே பேசிய விஷயம் இதுதான். பாறை இடுக்கில் இருந்த பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் காலி செய்தன. பாறையோடு வந்த புழுவும் நத்தையும் பாசியை மேய்ந்தன. ஆனால் பக்கத்திலேயே பவளக்கடலும் வருடம் முழுக்க வெயிலும் இருக்கும் ஊரில் எளிதாக நடந்தது, குளிர் நாட்டு நகரங்களில் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ஜெர்மானியர்கள். 1970-களிலும் 80-களிலும் பெர்லின் ஆர்வலர்கள் வளர்த்தெடுத்த முறைக்கு 'பெர்லின் முறை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. லைவ் ராக், பலமான விளக்கு, கூடவே புரோட்டீன் ஸ்கிம்மர். ஸ்கிம்மர் என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஒரு குழாயில் நுண்ணிய காற்றுக் குமிழிகளை அடிப்பார்கள். தண்ணீரில் உள்ள கரிமக் கழிவு குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வந்து கோப்பையில் விழும். கடற்கரையில் அலை ஒதுக்கும் நுரை மாதிரிதான். கழிவு அழுகி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆவதற்கு முன்பே வாசலுக்கு வெளியே போய்விடுகிறது. பீட்டர் வில்கன்ஸ் என்பவர் பரப்பிய சுண்ணாம்பு நீர் முறையும் கைகொடுத்தது. பவளத்துக்கு வேண்டிய கால்சியத்தைத் தந்ததோடு, பாஸ்பேட்டையும் கொஞ்சம் படிய வைத்தது.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. 1986-ல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய தொடர் கட்டுரைகளால் அங்கே 'மினி ரீஃப்' ஜுரம் பிடித்தது. பிளாஸ்டிக் உருண்டைகள் மேல் தண்ணீரைச் சொட்டவிடும் வடிகட்டிதான் அதன் நாயகன். அது அம்மோனியாவை வேகமாக நைட்ரேட்டாக மாற்றும். ஆனால் அந்த நைட்ரேட்டை யார் வெளியே எடுப்பது? யாரும் இல்லை! கழிவு வெளியேறவே இல்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றி எழுதப்பட்டது, அவ்வளவே. விளைவு, பச்சை முடி. சில வருடங்களில் பலரும் அந்த உருண்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்கிம்மருக்கு மாறினார்கள்.

முள்ளை முள்ளால் எடுத்தவர்

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி இருந்தார். 1980-ல் அங்கே ஒரு உயிருள்ள பவளப்பாறையைக் காட்சிக்கு வைத்தார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. பாசி எப்படியும் வளரத்தான் போகிறது. அது எங்கே வளர வேண்டும் என்பதை ஏன் நாமே தீர்மானிக்கக் கூடாது?

தனியாக ஒரு தட்டில் வலையை விரித்து, பலமான விளக்குப் போட்டு, அலை போலத் தண்ணீரைப் பாய்ச்சினார். பாசி அந்த வலையில் புல்தரை போல மண்டியது. நீரில் உள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதன் உடம்புக்குள் போயின. அவ்வப்போது வலையைச் சுரண்டிப் பாசியை வெளியே போட்டால் சத்தும் வெளியே. இதற்கு 'ஆல்கல் டர்ஃப் ஸ்க்ரப்பர்' என்று பெயர். 1982-ல் காப்புரிமையும் கிடைத்தது.

யோசனை அருமை. ஆனால் நடைமுறையில் கோளாறுகள் இருந்தன. 1987-ல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் திறக்கப்பட்ட மாபெரும் பவளத் தொட்டி இந்த முறையில்தான் ஓடியது. பாசி கசியவிட்ட பொருட்களால் தண்ணீர் மஞ்சளடித்தது. பவளங்கள் எதிர்பார்த்தபடி தழைக்கவில்லை. 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் அடைந்து வாழ்ந்த அரிசோனாவின் பயோஸ்பியர் 2 கட்டிடத்தின் செயற்கைக் கடலும் (சுமார் 26 லட்சம் லிட்டர்!) இதே முறையைத்தான் நம்பியது. அங்கே உள்ளே இருந்தவர்கள் கடலுக்குள் இறங்கிக் கையாலும் பாசி பிடுங்க வேண்டியிருந்தது. வீட்டுத் தொட்டிக்காரர் வாளியோடு செய்வதை அவர்கள் கோடிக்கணக்கான டாலர் செலவில் செய்தார்கள்.

மேய்பவர்கள் காணாமல் போனபோது

தொட்டியில் பாசி வந்தால் ஒரு குடும்பத்துக்குத்தான் கவலை. இதே கணக்கு நிஜக் கடலில் தப்பினால்? கரீபியன் கடல் அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

அங்கே டயடெமா என்ற கருப்புக் கடல் முள்ளெலி கோடிக்கணக்கில் இருந்தது. உடம்பெல்லாம் நீண்ட ஊசி. குளிப்பவர்களின் காலில் குத்தும் சனியன் என்றுதான் அதற்குப் பெயர். 1983 ஜனவரியில் பனாமா கால்வாயின் கரீபியன் வாசலருகே இவை சாகத் தொடங்கின. சுமார் ஒரு வருடத்தில் நோய் கரீபியன் முழுவதும் பரவி, 90 சதவீதத்துக்கும் மேல் செத்துப்போயின.

ஜமைக்காவில் பாசி மேயும் மீன்களை ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980-ல் ஆலன் புயல் வேறு பவளங்களை நொறுக்கியிருந்தது. கடைசிக் காவல்காரனாக இருந்தது இந்த முள்ளெலிதான். அதுவும் போனதும் பாசி அணை உடைந்த மாதிரி பெருகியது. டெரி ஹ்யூஸ் என்ற ஆய்வாளர் 1994-ல் வெளியிட்ட கணக்கு இது: 1970-களின் கடைசியில் ஜமைக்கா பவளப்பாறைகளில் பவளம் 52 சதவீதம், பாசி 4 சதவீதம். 1990-களின் தொடக்கத்தில் பவளம் 3 சதவீதம், பாசி 92 சதவீதம்!

வாரிங்டனின் நத்தை செய்த வேலையை இங்கே முள்ளெலி செய்துகொண்டிருந்தது. அது இருந்தவரை யாரும் அதை மதிக்கவில்லை. 2022-ல் அதே முள்ளெலிகள் கரீபியனில் மறுபடி கூட்டமாகச் செத்தன. இந்த முறை ஒரு நுண்ணுயிர்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 1983-ல் கொன்றது எது என்பது தெரியாமலே போய்விட்டது.

தொட்டியிலிருந்து தப்பிய பாசி

ஏடியைப் போலவே பலரும் பாசியை வடிகட்டியாகப் பயன்படுத்தினார்கள். அவர்களுக்குப் பிடித்த செடி காலர்பா. இறகு போல அழகு, அசுர வளர்ச்சி, துண்டு விழுந்தாலே புதுச் செடி. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மிருகக்காட்சிசாலையில் வளர்ந்த காலர்பா டாக்ஸிஃபோலியாவின் ஒரு ரகம் குளிரையும் தாங்கியது. அங்கிருந்து கைமாறிக் கைமாறி மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1984-ல் அந்த அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே, மத்தியதரைக் கடலில், ஒரு சதுர மீட்டர் அளவுக்கு அதே பாசி தென்பட்டது.

ஒரு சதுர மீட்டர்தானே என்று விட்டுவிட்டார்கள். நீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸாந்தர் மைனேஸ் எச்சரித்துக் குரல் கொடுத்தார். பாசி எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு என்ற சண்டையிலேயே வருடங்கள் ஓடின. 1989-ல் ஒரு ஹெக்டேர் ஆனது. 2000-ல் ஆறு நாடுகளின் கரைகளில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர். பிற்பாடு நடந்த மரபணுச் சோதனைகள் அது அக்வேரிய ரகமேதான் என்று உறுதி செய்தன.

2000 ஜூனில் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பேட் நகரில் ஒரு கடற்கழியில் அதே ரகம் தலைகாட்டியது. அமெரிக்கர்கள் மத்தியதரைக் கடலின் கதையைப் படித்திருந்தார்கள். கண்டதும் தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். 2006-ல் முற்றிலும் ஒழிந்தது என்று அறிவித்தபோது செலவு 70 லட்சம் டாலருக்கு மேல். யாரோ ஒருவர் தொட்டியைக் கழுவிக் கொட்டிய தண்ணீராக அது இருக்கலாம். (மத்தியதரைக் கடலில் அந்தப் பாசி பிற்பாடு பல இடங்களில் தானாகவே வெகுவாகக் குறைந்தது என்பது தனிக் கதை.)

நம் கடலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பற்பசை, ஐஸ்கிரீம் போன்றவற்றில் சேரும் கராஜினன் என்ற பொருளுக்காக, பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கப்பாபைகஸ் என்ற கடற்பாசி 1990-களில் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்டது. பிறகு பாக் நீரிணையில் மீனவப் பெண்கள் பலருக்கு அது பிழைப்பாகவும் ஆனது. 2008-ல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்து மூடியிருப்பதாக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் வருமானம், மறுபக்கம் பவளம். எந்தப் பக்கத்தையும் சும்மா ஒதுக்கிவிட முடியாத கணக்கு இது. அந்தப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டுத் தொட்டிக்காக நம் கடலிலிருந்து பவளத்தை எடுப்பது குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பூஜ்ஜியமும் ஆபத்துதான்

2000-களில் ஆயுதங்கள் பெருகின. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்கள் வந்தன. ஜெர்மனியில் தொட்டிக்குச் சொட்டுச் சொட்டாக வோட்கா ஊற்றும் முறை பிரபலமானது. சிரிக்க வேண்டாம்! சாராயம் பாக்டீரியாக்களுக்குத் தீனி. அவை பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும்; ஸ்கிம்மர் அந்தப் பாக்டீரியாக்களை வெளியே தள்ளும். பிறகு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரைகூட வந்தது. பிரையாப்சிஸ் என்ற பிடிவாதக்காரப் பச்சைப் பாசியை அது அடக்கியது.

எல்லோரும் நைட்ரேட் பூஜ்ஜியம், பாஸ்பேட் பூஜ்ஜியம் என்ற இலக்கை நோக்கி ஓடினார்கள். அங்கே காத்திருந்தது புது வில்லன். பழுப்பு நிறத்தில், குமிழி கோத்த சளி போல மணலையும் பவளத்தையும் மூடும் டினோஃப்ளாஜெலேட்கள்! இவற்றில் ஆஸ்ட்ரியாப்சிஸ் போன்ற சில வகைகள் நச்சு கொண்டவை. மேய வரும் நத்தையையே கொன்றுவிடும். இவை பெரும்பாலும் தலையெடுப்பது அழுக்குத் தொட்டியில் அல்ல, அதீத சுத்தமான தொட்டியில். மற்ற பாசிகளும் பாக்டீரியாக்களும் பட்டினியில் மெலிந்ததும் காலியான இடத்தை இவை பிடித்துக்கொள்கின்றன. இதிலிருந்து மீள, பலர் தொட்டிக்கு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் காசு கொடுத்து வாங்கி ஊற்ற வேண்டியதாயிற்று. எதை விரட்டப் பல வருடம் பாடுபட்டார்களோ, அதையே பாட்டிலில்!

இதில் இன்னொரு வேடிக்கை. பவளத்தின் சதைக்குள் இருந்து சோறு போடும் சூசாந்தெல்லாவும் டினோஃப்ளாஜெலேட் இனம்தான். இருப்பைச் சுத்தமாகத் துடைத்தால் பவளமும் வெளிறிப் பட்டினி கிடக்கும். ஒரு கடையில் சரக்கு அளவுக்கு மீறித் தேங்கினாலும் நஷ்டம், ஒன்றுமே இல்லாமல் போனாலும் நஷ்டம். தொட்டியும் அப்படித்தான்.

வரலாறு கற்றுத் தரும் சில்லறைப் பாடங்கள்

1. வாசலில் நிறுத்துவது மலிவு. குழாய்த் தண்ணீரிலேயே பாஸ்பேட்டும் சிலிகேட்டும் வரலாம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலப்பதும், தீனியை அளந்து போடுவதும் எந்த மருந்தையும்விடப் பலன் தரும்.

2. சோதனைக் கிட் பூஜ்ஜியம் காட்டுகிறது, ஆனால் பாசி மண்டுகிறது என்றால் குழம்ப வேண்டாம். சத்து தண்ணீரில் இல்லை, பாசியின் உடம்பில் இருக்கிறது. பழைய பாறையும் தான் பிடித்துவைத்த பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். பழைய கடன் தீர மாதங்கள் ஆகும்.

3. பாசியைத் தொட்டிக்குள் கொல்வதைவிடப் பிடுங்கி வெளியே எடுப்பதே மேல். உள்ளேயே செத்து அழுகினால் அதன் சத்தெல்லாம் மறுபடி தண்ணீருக்குத்தான் போகும்.

4. மேய்பவர்கள் வேண்டும். நத்தை, முள்ளெலி, பாசி தின்னும் மீன் என்று தொட்டியின் அளவுக்குத் தகுந்தபடி. ஆனால் அவை தின்றதும் கழிக்கும். வெளியேற்றும் வேலை எப்போதும் மனிதனுடையதே.

5. தொட்டித் தண்ணீரையோ பாசியையோ சாக்கடையிலும் குளத்திலும் கடலிலும் கொட்டக் கூடாது. வெயிலில் காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுவது பத்து நிமிட வேலை. கார்ல்ஸ்பேட்டில் ஆறு வருடம் ஆனது.

அன்னா தின் வீட்டுப் பணிப்பெண் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் செய்ததும், லாயிட்டின் நீராவி இயந்திரம் செய்ததும், பெர்லின் ஸ்கிம்மர் செய்ததும் அடிப்படையில் ஒரே வேலைதான்: கடல் தானாகச் செய்வதைக் கொஞ்சமாவது செய்து பார்ப்பது. கடலில் அதற்குக் கூலி கேட்காத கோடிக்கணக்கான நத்தைகளும் முள்ளெலிகளும் மீன்களும் இருக்கின்றன. 300 லிட்டர் தொட்டி ஒன்றில் அந்த வேலையைச் செய்யக் காசும் கவனமும் எவ்வளவு ஆகிறது என்று பார்த்தவர்களுக்குத்தான், கடலில் ஒரு முள்ளெலி செத்தால் எவ்வளவு நஷ்டம் என்பது உண்மையில் புரியும்.